எண்ணூற்றுப் பன்னிரண்டு கூட்டாளிகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் கணினித் திரையின் வலது ஓரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி விளம்பரம் வந்து உட்கார்ந்தது. புள்ளி சார் பதறிப்போய் ஒரு ஃபைலை எடுத்து அந்த ஓரத்தில் சாய்த்து வைத்து அதை மறைத்தார். ஐந்தே நிமிடத்தில் அது இடது ஓரத்தில் முளைத்தது. இந்தத் தடவை துணைக்கு இன்னொரு கண்ணாடியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது.

"என்ன சார், கண்ணாடி மாத்தப் போறீங்களா?" என்று கேட்டார், பக்கத்து மேஜையில் பக்கங்களை வடிவமைக்கும் லேஅவுட் மேடம்.

"நானா? எதுக்கு? எனக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு! போன வருஷத்தைவிட நல்லா இருக்கு! யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல சார். சும்மாதான் கேட்டேன்."

கேட்டது ஒரு கேள்வி, கிடைத்தது நாலு பதில். மேடம் ஒரு நிமிடம் அவரையே பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, பெட்டியைப் பிரித்ததும் நாம் முதல் வேலையாகக் கசக்கி எறிவோமே, அந்தத் தாளை ஒரு எழுத்து விடாமல் படித்துப் பிழை திருத்துவதுதான் அவர் உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக இதே மேஜை. ஒரு முறை இருமல் மருந்தின் அளவில் விடுபட்டிருந்த தசமப் புள்ளி ஒன்றை அச்சுக்குப் போகும் கடைசி நேரத்தில் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து புள்ளி சார். வீட்டில் வைத்த பெயர் இப்போது சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.

அந்தப் புள்ளிகள்தான் கொஞ்ச நாளாக அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தன. போன வாரம் ஒரு வயிற்றுவலி மாத்திரைத் தாளில், எட்டாவது வரியில் வேண்டாத புள்ளி ஒன்று இருப்பதாகக் குறித்து அனுப்பினார். லேஅவுட் மேடம் அரை மணி நேரம் தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில் எழுந்து வந்து புள்ளி சாரின் திரையைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். பிழை போய்விட்டது.

மேடம் சிரித்தார். புள்ளி சாரும் சிரித்து வைத்தார். தூசி புள்ளியாகத் தெரிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். புள்ளி தூசியாகத் தெரிந்தால்? அரை மாத்திரை ஐந்து மாத்திரையாகிவிடும். எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் அதை நம்பி விழுங்குவார். அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு தாளையும் மூன்று தடவை படித்தார். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவும் வழியில்லை. அச்சாகும் அளவிலேயே பார்க்க வேண்டும் என்பது கம்பெனி விதி. மூன்று தடவை படித்தும் கண்ணுக்கு முன்னால் பால் ஆடை மாதிரி ஒரு படலம் போகவே மாட்டேன் என்றது.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடுமோ என்று பயம். மேலாளரிடம் சொல்வதாவது! கண் தெரியாத புரூஃப் ரீடரை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி என்ன செய்யும்? இந்த ஒரு வேலையைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது. ஆகவே திங்கட்கிழமை சாயங்காலம், சுற்றும் முற்றும் பார்த்து, திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, உலகத்திலேயே நம்பகமான ஆள் என்று தான் நினைத்திருந்த பிரவுசரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

'கண் மங்கலாகத் தெரிகிறது, வேலை போய்விடுமா?'

கமாவும் கேள்விக்குறியும் போட்டுத்தான் கேட்டார். தொழில் தர்மம். மறுநாள் காலையில்தான் மூக்குக்கண்ணாடி வந்தது.

புள்ளி சார் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார். இரண்டு மாடிக்கு நடுவில், ஆள் நடமாட்டமில்லாத திருப்பத்தில் நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு மச்சினனை அழைத்தார். மச்சினன் கைப்பேசிக் கடை வைத்திருந்தான். உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் அவனிடம் பதில் இருக்கும். சரியான பதிலா என்பது வேறு விஷயம்.

"மாப்ள, ஒரு சந்தேகம். நாம பிரவுசர்ல ஒண்ணைத் தேடினா, அது வெளிய போய்ச் சொல்லுமா?"

"சொல்லுமாவா? அதோட பொழப்பே அதுதான் மாமா. என்ன தேடினீங்க?"

"நான் ஒண்ணும் தேடல. ஒரு நண்பருக்காகக் கேக்கறேன்."

"அப்ப உங்க நண்பரை ஹிஸ்டரி, குக்கீஸ், பாஸ்வேர்டு எல்லாத்தையும் சுத்தமா அழிக்கச் சொல்லுங்க. ஒண்ணு விடக்கூடாது."

நண்பர் ஒன்று விடாமல் அழித்தார். அழித்த கையோடு, அலுவலகத்தின் புரூஃப் பக்கம் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. நீங்கள் யார் என்று கேட்டது. அதே நாற்காலியில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவருக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் வலித்தது. பாஸ்வேர்டு நினைவில்லை. அதை நினைவில் வைத்திருந்தது பிரவுசர்தான். அதன் நினைவைத்தான் இப்போது துடைத்தாயிற்றே.

மேலாளரிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று.

"எல்லாமே அழிஞ்சு போச்சா? எப்படி சார்?"

"தெரியல சார். தானாவே அழிஞ்சிடுச்சு."

மேலாளர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "வேற ஏதாவது சொல்லணுமா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். சொல்றதுக்கு என்ன இருக்கு?"

மேலாளர் புதிய பாஸ்வேர்டு வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். புள்ளி சார் மேஜைக்கு வந்து, விசைப்பலகையை இரண்டு கையாலும் அணைகட்டி மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் புதிய பாஸ்வேர்டை அடித்தார். பெருக்க வந்த அம்மா துடைப்பத்தோடு நின்று, "காலைக் கொஞ்சம் தூக்குங்க சார்" என்றார். பாஸ்வேர்டு அடிக்கிற நேரம் பார்த்தா என்று அவரை முறைத்துவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டார்.

பக்கம் திறந்தது. ஓரத்தில் இப்போது நாலு கண்ணாடி.

மறுபடி மாடிப்படி. மறுபடி மச்சினன்.

"ரகசிய ஜன்னல்னு ஒண்ணு இருக்கு மாமா. கறுப்பா இருக்கும். அதுல தேடினா யாருக்கும் தெரியாது."

ரகசிய ஜன்னலைத் திறந்தார். கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதன் அடியில் பொடி எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. பொடி எழுத்தைக் கண்டால் கையும் காலும் சும்மா இருக்காத மனிதர் அவர். எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தார். இங்கே நீங்கள் செய்வதை உங்கள் அலுவலகம் பார்க்கக்கூடும், இணைய இணைப்புக் கொடுப்பவர் பார்க்கக்கூடும், நீங்கள் போகிற தளங்கள் பார்க்கக்கூடும் என்று அது மனம்விட்டுச் சொன்னது. அப்படியென்றால் பார்க்காதவர் யார்?

கீழே 'எங்கள் தனியுரிமைக் கொள்கை' என்று இருந்தது. உலகத்தில் எவரும் படிக்காத இரண்டு வகை எழுத்துகளில் ஒன்று மருந்துத் தாள். இன்னொன்று இது. புள்ளி சார் படித்தார். இதற்கு விதி எதுவும் இல்லை என்பதால், ஒரு திரைக்கு நாலே வார்த்தை தெரிகிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, இரண்டு நாள் மதிய இடைவேளைகளில் முழுவதையும் படித்து முடித்தார். தங்கள் தகவல்களை நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை, எங்கள் நம்பிக்கைக்குரிய எண்ணூற்றுப் பன்னிரண்டு கூட்டாளிகளைத் தவிர, என்று அதில் ஓர் இடத்தில் இருந்தது.

"எண்ணூத்திப் பன்னெண்டு பேரா!" என்றார் மாடிப்படியில். "என் கல்யாணத்துக்கே அவ்வளவு பேர் வரல மாப்ள!"

அதோடு விட்டிருந்தால் தேவலை. கொள்கையில் பத்தொன்பது பிழைகள் இருந்தன. மூன்று எழுத்துப் பிழை, ஏழு ஒற்றுப்பிழை, மீதி நிறுத்தக்குறி. பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியாது. பக்க எண், வரி எண்ணோடு பட்டியல் போட்டு அந்தப் பிரவுசர் கம்பெனிக்கே அனுப்பினார். அனுப்புகிறவர் யாரென்று தெரிய வேண்டாமா? ஒரு மரியாதை வேண்டாமா? கீழே முழுப்பெயர், தொழில், வீட்டு விலாசம், அலுவலக விலாசம், இரண்டு தொலைபேசி எண் எல்லாம் கொடுத்தார்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. 'மிக்க நன்றி. தாங்கள் அளித்த விவரங்கள் அனைத்தும் எங்களிடம் பத்திரமாக உள்ளன.'

அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. அவர் சொல்லாமல் விட்டது சட்டை அளவு ஒன்றுதான். பயத்தில் உடனே பாஸ்வேர்டை மாற்றினார்.

"அனுப்பிட்டீங்களா?" மச்சினன் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினான். "சரி விடுங்க. இனிமே மறைக்க முடியாது. குழப்பித்தான் விடணும். சம்பந்தமே இல்லாததை எல்லாம் தேடுங்க. இந்தாளு யாருன்னே புரியாம அது மண்டை காயணும்."

புள்ளி சார் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். ஒரு தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு, தனக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாதவற்றை வரிசையாகத் தேடினார். பச்சைக் குழந்தைக்குத் தொட்டில். பெண்களுக்கான குதிகால் உயர்ந்த செருப்பு, சிவப்பு. தனி ஆளுக்கு ஒற்றை அறை, வாடகைக்கு, உடனடியாக. தேடி முடித்துவிட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். பக்கத்து மேஜையில் லேஅவுட் மேடம் எதற்கோ இருமினார்.

வீட்டில் ஒரு டேப்லெட் உண்டு. மனைவி அதில் பாட்டுக் கேட்பார், சேலை பார்ப்பார். புள்ளி சாரின் ஆபீஸ் பிரவுசர் உட்பட குடும்பம் முழுக்க ஒரே கணக்கில் இருந்தால் சுலபம் என்று அதை அமைத்துக் கொடுத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. மச்சினன்தான்.

அன்று சாயங்காலம் புள்ளி சார் வீட்டுக்குள் காலை வைத்ததும் மனைவி டேப்லெட்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். தொட்டில் இருந்தது. சிவப்புச் செருப்பு இருந்தது. ஒற்றை அறை இருந்தது. மூன்றும் ஒரே வரிசையில், ஒரு கதை சொல்வது போல.

"என்னங்க இது?"

"அது... விளம்பரம்."

"விளம்பரம்னு எனக்கும் தெரியுது. நாம தேடினாத்தான் அது வரும்னு என் தம்பி சொல்லியிருக்கான். தொட்டில் யாருக்கு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மனைவியின் கண் கலங்கியிருந்தது, அதைப் பார்த்ததும் அவருக்கு மூளை வேலை செய்யவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"ஆபீஸ்ல லேஅவுட் மேடத்துக்கு. அவங்க கேட்டாங்கன்னு தேடிக் கொடுத்தேன்."

"ஓ," என்றார் மனைவி. முகம் மலர்ந்தது. "அப்படியா! செருப்பும் அவங்களுக்குத்தானா? நல்ல விஷயமாச்சே, முன்னாடியே சொல்லக்கூடாதா?"

நல்ல மனசுக்காரி. அடுத்த நிமிடமே கைப்பேசியை எடுத்து லேஅவுட் மேடத்துக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டார். மேடத்துக்கு வயது ஐம்பத்தொன்று. கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றை ஆளாக நிம்மதியாக இருப்பவர்.

மறுநாள் காலை மேடம் வணக்கம் சொல்லவில்லை. நாற்காலியை அரை அடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"மேடம், வீட்டுல ஒரு சின்னக் குழப்பம்..."

"தொட்டில் விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம் சார். வேலையைப் பாருங்க."

வேலை எங்கே ஓடும்? இனி இந்தப் பிரவுசரே ஆகாது என்று முடிவு செய்தார். 'நாங்கள் யாரையும் பின்தொடர்வதில்லை' என்று சத்தியம் செய்கிற புதிய பிரவுசர் ஒன்றை மச்சினன் சொன்னான். அதை இறக்கினார். அது பணிவாக வணக்கம் சொல்லி, பழைய பிரவுசரில் இருந்தவற்றை எல்லாம் இங்கே கொண்டுவந்து வைக்கட்டுமா என்று கேட்டது. இவ்வளவு மரியாதையாகக் கேட்பவரிடம் எப்படி வேண்டாம் என்பது? சரி என்றார். புது வீட்டுக்குப் பழைய மூட்டைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவது தடவையாகப் பாஸ்வேர்டை மாற்றினார்.

ஆனால் இப்போது விளம்பரங்கள் முன்னைப்போல இல்லை. தொட்டிலும் செருப்பும் போன இடம் தெரியவில்லை. கண்ணாடிகளோடு கண் மருத்துவமனை வந்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து வந்தது. விளக்கு வைத்த பூதக்கண்ணாடி வந்தது. 'கண் புரையா? கவலை வேண்டாம்' என்று வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். எத்தனை தேடியும் குழம்பாமல், அது அவரை மட்டும் குறிவைத்துத் துரத்தியது.

அவரை மட்டும் என்றுதான் நினைத்திருந்தார். தண்ணீர் குடிக்கப் போகும்போது தற்செயலாக லேஅவுட் மேடத்தின் திரையைப் பார்த்தார். அங்கேயும் அதே வெள்ளைக் கோட்டு ஆள். வரவேற்பு மேஜைத் திரையில் கண் மருத்துவமனை. திரும்பி வரும்போது மேலாளர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மேலாளரின் திரை முழுக்க ஒரே ஒரு கண், இவ்வளவு பெரிதாக, புள்ளி சாரையே பார்த்துக்கொண்டிருந்தது.

எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். எல்லாம் முடிந்தது.

அவருக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. ஒரே ஒரு கேள்விதானே கேட்டோம், நம்பித்தானே கேட்டோம் என்று தாங்க முடியாமல் இருந்தது. மேஜையில் உட்கார்ந்து ராஜினாமாக் கடிதத்தை அடித்தார். 'என் கண் பார்வை குறைந்துவிட்டபடியால், இனியும் இந்தப் பொறுப்பில் இருப்பது மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு நல்லதல்ல.' அடித்து முடித்ததும் மூன்று தடவை படித்துப் பார்த்தார். பிழை இல்லை. இருந்தாலும் தெரியவா போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், மேலாளர் அறை வாசலில் நின்று கூப்பிட்டார். "புள்ளி சார், உள்ள வாங்க."

உள்ளே லேஅவுட் மேடம் முன்பே உட்கார்ந்திருந்தார். பெருக்கும் அம்மா மூலையில் குப்பைக் கூடையைக் காலி செய்துகொண்டிருந்தார். புள்ளி சார் கடிதத்தை மேஜையில் வைத்தார். மேலாளர் அதைப் பிரிக்கவே இல்லை.

"'கண் மங்கலாகத் தெரிகிறது, கமா, வேலை போய்விடுமா, கேள்விக்குறி.' இதுதானே நீங்க தேடினது?"

"கமா கூடவா அனுப்பியிருக்கு!" என்றபடி புள்ளி சார் நாற்காலியில் சரிந்தார்.

"முதல்ல தண்ணி குடிங்க," என்றார் மேலாளர். "வேலை போகாது. வர்ற திங்கட்கிழமை பத்து மணிக்கு உங்களுக்குக் கண் ஆஸ்பத்திரியில நேரம் வாங்கியிருக்கேன். புரையா இருந்தா சின்ன ஆபரேஷன்தான்னு சொன்னாங்க. ரெண்டு வாரம் லீவு. நாற்காலி அங்கேயேதான் இருக்கும். இந்த ஒரு ஆஸ்பத்திரியைக் கண்டுபிடிக்க ஆபீஸே உக்காந்து தேடியிருக்கு சார். அதனாலதான் எல்லார் திரையிலயும் கண்ணும் கண்ணாடியுமா நிக்குது. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு காத்திருந்தோம். நீங்க சொல்றதாத் தெரியல."

"புள்ளி..." என்றார் புள்ளி சார். "நான் ஏதாவது புள்ளியை விட்டுட்டேனா?"

லேஅவுட் மேடம்தான் பதில் சொன்னார். "ரெண்டு. நீங்க வீட்டுக்குப் போனப்புறம் நான் தினமும் ஒரு தடவை பார்த்துட்டுத்தான் அச்சுக்கு அனுப்பறேன். ரெண்டையும் வெச்சுட்டேன். ஒண்ணும் வெளிய போகல."

புள்ளி சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தப் பத்து நாளில் அவருக்கு முதல் தடவையாக ஒழுங்காக மூச்சு வந்தது. மேடத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தொட்டிலுக்கு மட்டும் மன்னிக்க மாட்டேன்," என்றார் மேடம், சிரித்துக்கொண்டே.

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "அப்புறம் சார், அந்த ஒத்தை ரூம், சிவப்புச் செருப்பு... அதெல்லாம் உங்க சொந்த விஷயம். நாங்க தலையிடல."

புள்ளி சாருக்கு வந்த மூச்சு மறுபடி நின்றது. "அதுவும் தெரியுமா? சார், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எல்லாத்தையும் அழிச்சேன். ரகசிய ஜன்னலையும் திறந்து பார்த்தேன். பிரவுசரையே மாத்தினேன். உங்ககிட்ட வந்து சொன்னது பழைய பிரவுசரா, புது பிரவுசரா?"

மேலாளர் மேடத்தைப் பார்த்தார். மேடம் கூரையைப் பார்த்தார்.

பெருக்கும் அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "பிரவுசர்னா என்னன்னே எனக்குத் தெரியாது சார், நீங்கதான் டைப் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் கமா, புள்ளியோட சத்தமா வாசிச்சுக்கிட்டே அடிக்கிறீங்களே, உங்க மூணு பாஸ்வேர்டும் எனக்கு மனப்பாடம்!"